கார்கில் உண்டியலும் தாமிரபரணித் தண்ணியும்

1999 சூன், சூலை மாதங்களில் கையில் தகர உண்டியலோடு சேரி சேரியாகத் திரிந்தவன் நான். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது யோக்கியமாக இருக்காது. உண்டியலைச் சுற்றி மூவண்ணத் தாள் ஒட்டியிருந்தது. 'கார்கில் வீரர் நிதி' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததும் என் கையெழுத்துதான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மேடையில் நாலு வார்த்தை பேசத் தெரியும். அது போதாதா கட்சிக்காரர்களுக்கு?

மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. அன்றைக்கு அது சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி மாவட்டம். 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம். மாவட்டத்தின் பேர் மாறியது, சேரி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மானாவாரிக் காடு. மழை பெய்தால் காட்டில் வேலை உண்டு. பெய்யாத வருசம் பொம்பளைகள் பீடி சுற்றித்தான் அடுப்பெரியும். மடியில் பீடித்தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காமார்களிடமும் மதினிமார்களிடமும்தான் உண்டியலை நீட்டினேன். "பட்டாளத்துல நம்ம புள்ளைகளும் இருக்குதுகல்ல" என்று சொல்லி, முந்தியில் முடிந்து வைத்திருந்த ரெண்டு ரூபாயை, அஞ்சு ரூபாயை அவிழ்த்துப் போட்டார்கள். அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எந்தக் கட்சி அந்த வருசம் உண்டியல் தூக்கவில்லை?

ஊருக்குள் டீக்கடையிலும் நீட்டினோம். கடைச் சுவரில் மேஜர் சரவணன் படம் ஒட்டியிருந்தது. திருச்சிக்காரர். பீகார் ரெஜிமென்ட். மே 29 அன்று படாலிக் மலையில் உயிர்விட்டவர். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, பொட்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் எங்களுக்கு இடமில்லை. கடைக்காரர் பத்து ரூபாயை எடுத்து, விரல் உண்டியலில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து போட்டார். "தம்பிகளுக்கு டீ குடு" என்றார். டீ வந்தது. வெளியே கம்பியில் கவிழ்த்துக் கிடக்கிற எங்கள் கிளாஸில் வந்தது. வெளியே நின்று குடித்துவிட்டு, நானே கழுவிக் கம்பியில் மாட்டிவிட்டு, "பாரத மாதாவுக்கு ஜே" என்று கத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

இருபத்தைந்து வருசத்துக்கும் மேலாகிறது. அந்த 'ஜே' இன்னமும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

*

அந்தச் சண்டை நடந்தபோது டெல்லியில் இருந்தது என்ன அரசு? 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போன அரசு. அ.தி.மு.க. ஆதரவை விலக்கியது, வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. மக்களவை கலைந்து, தேர்தல் வரைக்கும் காபந்து அரசாக உட்கார்ந்திருந்தபோதுதான் மே மாதம் கார்கில் சண்டை மூண்டது. அதாவது, அது துப்பாக்கி பேசிய காலம் மட்டுமல்ல. ஓட்டுக் கேட்கிற காலமும் அதுதான். மே, சூன், சூலை மூன்று மாதமும் டி.வி.யில் சவப்பெட்டி வந்தது. செப்டம்பர், அக்டோபரில் வாக்குப்பெட்டி வந்தது. ஐந்நூற்று இருபத்தேழு இந்தியச் சிப்பாய்கள் செத்ததாக அரசே கணக்குச் சொன்னது. செத்தவன் வாய் பேச மாட்டான். அதனால்தான் அவன் பேரில் யாரும் பேசலாம், யாரும் ஓட்டுக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி. 1999-இல் பாரதிய ஜனதாவோடு கூட்டு. பகுத்தறிவும் இந்துத்துவமும் ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொண்ட வருசம் அது. எதிரில் அ.தி.மு.க.வும் காங்கிரசும் இடதுசாரிகளும். மூன்றாவதாக மூப்பனாரின் த.மா.கா.வோடு புதிய தமிழகமும் விடுதலைச் சிறுத்தைகளும். தேர்தலே வேண்டாம் என்றிருந்த சிறுத்தைகள் முதன்முதலாகத் தேர்தலுக்கு வந்தது அப்போதுதான்.

எங்கள் தென்காசியோ தனித்தொகுதி. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1932 செப்டம்பரில் பூனாவில் எரவாடா சிறையில் காந்தியின் உயிரைப் பணயமாக வைத்து அம்பேத்கரிடமிருந்து பிடுங்கப்பட்டது தனி வாக்காளர் தொகுதி. பதிலுக்குக் கிடைத்தது ஒதுக்கீட்டுத் தொகுதி. நிற்பவன் நம்மவன், தேர்ந்தெடுப்பவன் எல்லாரும். அதனால் தென்காசியில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஜெயிப்பவர் தலித்தாகத்தான் இருப்பார். ஆனால் அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? சீட்டுக் கொடுத்த தலைமைக்கு, ஓட்டை மொத்தமாக வைத்திருக்கிற ஆதிக்கச் சாதி ஊர்ப்பெரியவர்களுக்கு. போர்க்காலத்தில் இந்தக் கயிறு இன்னும் இறுகும். சாதாரண நாளிலேயே சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேச முடியாத வேட்பாளர், 'தேசம் ஆபத்தில் இருக்கிறது' என்கிற நாளில் டீக்கடைக் கிளாஸைப் பற்றிப் பேசுவாரா?

*

சூலை 23. சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் காலம். அதைப் பார்க்க ஊரே போய் வந்துகொண்டிருந்தது.

எங்கள் சித்தி, அம்மாவின் தங்கச்சி, கல்யாணம் முடிந்த கையோடு மாஞ்சோலைக்கு மலையேறினவள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருசக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்த மலை அது. அங்கே கொழுந்து பறிக்கப் போனவர்களில் பெரும்பகுதி நம் ஜனங்கள்தான். கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டதற்குச் சிறை. 652 பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலியை உயர்த்து என்று மனுக்கொடுக்கத்தான் அன்றைக்குத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். புதிய தமிழகம், த.மா.கா., இடதுசாரிகள், முஸ்லிம் அமைப்புகள் எல்லாம் அந்த ஊர்வலத்தில் இருந்தன.

கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் வைத்து மறித்தார்கள். தடியடி. ஒரு பக்கம் போலீசு, மறுபக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றில் குதித்தார்கள். தண்ணீருக்குள்ளும் விடவில்லை. பதினேழு பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, விவரம் அறியாத ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. அன்றைக்கு நடந்ததை ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்தார். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பிறகு நீதிபதி மோகன் கமிஷன் வந்தது. பதினொரு பேர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள், ஆறு பேர் காயத்தால் செத்தார்கள் என்று பிரித்துக் காட்டியது. நீச்சல் தெரியாதவன் ஏன் ஆற்றில் குதித்தான்? ஆடி மாசத்து ஆற்றில் குளிக்க ஆசைப்பட்டா?

சித்தி பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சூலை 26. சண்டை முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோ சொன்ன நாள். ஊர்த் தெருவில் சரவெடி வெடித்தார்கள். சித்தி திண்ணையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் தடிப்பு தடிப்பாக வீங்கி நீலம் பாரித்திருந்தது. ஆச்சி விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் சித்தியின் உடம்பு தூக்கிப் போட்டது.

"என்னத்துக்குலே வெடிக்காக?" என்று கேட்டாள்.

"சண்டையில நம்ம ஜெயிச்சுட்டோம் சித்தி."

"நம்மன்னா யாருடே?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே மூலையில் உண்டியல் இருந்தது. அதைச் சாக்குப்பை போட்டு மூடினேன். சித்தி பார்த்துவிடக் கூடாது என்றுதான் மூடினேன். அது வெட்கம். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

*

ஆகஸ்டில் ஓட்டுக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் பெரியப்பா பட்டாளத்துக்காரர். 71 சண்டையில் இருந்தவர். அந்தக் காலத்தில் லீவில் வரும்போது, மேலே சட்டையும் காலில் பூட்சுமாக ஊர்த் தெரு வழியாகச் சைக்கிளில் போனதற்கு இறக்கி நடக்க வைத்திருக்கிறார்கள். "பாகிஸ்தான்காரன் என்னை ஒருநாளும் சைக்கிளை விட்டு எறங்கச் சொன்னதில்ல" என்று குடித்தால் சொல்வார். குடிக்காவிட்டால் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஊருக்குள் சின்னப் பையன்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஆகஸ்டில் மட்டும் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று வாசலுக்கு வந்தார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறோம், நீங்கள் வரணும், வேட்பாளருக்கு ஆதரவாக ரெண்டு வார்த்தை பேசணும். கூட வேட்பாளரும் வந்திருந்தார். நம்மவர்தான். கைகூப்பிக்கொண்டே நின்றார். பேசியதெல்லாம் கூட வந்த ஊர்க்காரர்கள். வேட்பாளர் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "மேடையில என்னய்யா பேசணும்?"

"எல்லையைக் காத்த ஆட்சிக்கு ஓட்டுப் போடுங்கன்னு சொன்னாப் போதும் அண்ணாச்சி."

"எல்லையில சுட்டவன் பாகிஸ்தான்காரன். கொக்கிரகுளத்துல அடிச்சது எந்த நாட்டுக்காரன்?"

யாரும் பேசவில்லை. வந்தவர்களில் ஒருத்தர், "இந்த நேரத்துல போயி சாதியைப் பேசுதீகளே அண்ணாச்சி. நாடு இருந்தாத்தானே சாதியெல்லாம்" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "அது வாஸ்தவந்தான். நாடு இருந்தாத்தான் சாதி இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் பொன்னாடை வாங்கப் போகவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு சேரியிலிருந்து ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் நடுவில், மேடையில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாருக்குத்தான் ஆசையிருக்காது?

*

"நாடு இருந்தாத்தானே சாதி." இந்த ஒரு வரிக்குத்தான் என் சண்டை. படித்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள், வேறு வார்த்தையில். போர்க்காலத்தில் உள்முரண்பாடுகளை முன்னிறுத்தக் கூடாது என்றார்கள். முதலில் தேசம், பிறகு சாதி ஒழிப்பு. முதலில் விடுதலை, பிறகு சேரி. முதலில் வர்க்கம், பிறகு வருணம். வரிசையில் எப்போதும் நம்மைக் கடைசியில் நிற்க வைப்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. கடையில் தனிக் கிளாஸ், வரிசையில் தனி இடம்.

சிப்பாயை அவமதிக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: சிப்பாயை அறிந்தவர்கள் நாங்கள். சேரிப் பையன் பட்டாளத்துக்குப் போவது காணி நிலம் இல்லாததால், வேறு வழி இல்லாததால். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதில் தாழ்த்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஓடி, குதித்து, மார்பு அளவு கொடுத்து, போட்டி போட்டுத்தான் போகிறான். பட்டாளத்தில் சாதி இல்லை என்று சொல்லாதீர்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு மூன்று சாதிகளிலிருந்து மட்டுமே ஆள் எடுக்கிறோம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்திலேயே ராணுவம் ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரன் 1890-களில் 'போர்க்குணச் சாதி' என்று ஒரு கதை கட்டி மகார்களைப் பட்டாளத்தை விட்டு வெளியேற்றினான். அந்தக் கதையின் வால் இன்னும் அறுபடவில்லை. செத்த சிப்பாயின் படத்தைப் பிரச்சார வண்டியில் கட்டிக்கொண்டு போகிறவனா, அப்படிக் கட்டாதே என்கிறவனா, யார் அவனை அவமதிப்பது?

போர்க்காலத்தில் சாதி பேசக் கூடாது என்கிறவர்கள் அம்பேத்கரைப் படிக்கட்டும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அவர் என்ன செய்தார்? நாஜிகள் ஜெயித்தால் உலகத்துக்கே கேடு என்று போர் முயற்சியை ஆதரித்தார். ஆனால் சும்மா ஆதரிக்கவில்லை. 1941-இல் மகார் ரெஜிமென்ட் எழுந்தது. 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு நம் மக்களுக்கு ஒன்றும் கொண்டு வராமல் வந்தபோது முகத்துக்கு நேரே எதிர்த்தார். அதே வருசம் சூலையில் நாகபுரியில் அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பு பிறந்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை என். சிவராஜ். உலகமே குண்டுக்கு நடுவில் இருந்தபோதுதான் நமக்கென்று ஒரு தனிக்கட்சி எழுந்தது. 'சண்டை முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. சண்டை நேரத்தில்தான் ஆள்பவனுக்கு நம் ஆள் தேவை, நம் ஓட்டு தேவை, நம் வாய் தேவை. அந்த நேரத்தில் கேட்காதவனுக்குப் பிறகு எந்த நேரத்திலும் கிடைக்காது. 1946 தேர்தலில் கூட்டமைப்பு தோற்றது உண்மை. பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத் தொகுதி அவர்களைத் தோற்கடித்தது. தோற்றாலும் ஓட்டை இனாமாகக் கொடுக்கவில்லை.

*

1999 செப்டம்பரில் என்ன நடந்தது? தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 26-ஐ தி.மு.க. – பா.ஜ.க. அணி வென்றது. கார்கில் வென்றது என்று எழுதினார்கள். தென்காசியில் வெல்லவில்லை. ஆயிரத்துக்கும் குறைந்த ஓட்டில் பா.ஜ.க. வேட்பாளர் அ.தி.மு.க.விடம் தோற்றார். மூன்றாவதாக வந்த புதிய தமிழகத்தின் டாக்டர் கிருஷ்ணசாமி வாங்கியது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். 'சிதறிப்போன ஓட்டு', 'வீணான ஓட்டு' என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடியங்குளத்தில் 1995-இல் போலீசு கிணற்றையும் வீட்டையும் சூறையாடியதைப் பார்த்தவர்கள், மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவரை வெட்டியதைக் கேட்டவர்கள், தாமிரபரணியில் பிணம் மிதந்ததை அறிந்தவர்கள், நாடே கார்கில் கார்கில் என்று கூவியபோது காதைப் பொத்திக்கொண்டு போட்ட ஓட்டு அது. அதில் ஒன்று என்னுடையது. சித்தியுடையதும் பெரியப்பாவுடையதும் அதில் இருக்கலாம். நான் கேட்டதில்லை. வடக்கே சிதம்பரத்தில் அதே தேர்தலில் திருமாவளவன் நின்றதற்குச் சேரிகளில் குடிசைகள் எரிந்தன. எல்லையில் போர் முடிந்து ரெண்டு மாசம் ஆகவில்லை. உள்ளே தொடங்கிவிட்டது.

ஆனால் நம்மவர்களையும் கேட்காமல் விட முடியாது. 2009 மே 13 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. கடலுக்கு அந்தப்பக்கம் முள்ளிவாய்க்காலில் ஜனங்கள் பதுங்குகுழியில் செத்துக்கொண்டிருந்த வாரம். ஏப்ரல் 27 அன்று கருணாநிதியின் சில மணி நேர உண்ணாவிரதம். எதிரில் ஜெயலலிதாவின் தனி ஈழ முழக்கம். ஈழத்துக்காக உரக்கக் குரல் கொடுத்த சிறுத்தைகள் காங்கிரசு இருந்த அணியில் நின்று சிதம்பரத்தை வென்றார்கள். அந்தச் சனத்தின் சாவு எல்லா மேடையிலும் இருந்தது. எந்த மேடையாலும் ஒரு ஷெல்லை நிறுத்த முடியவில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நாற்பது பேர் செத்தார்கள். எங்களுக்குக் கிழக்கே சவலாப்பேரிக்கு ஒரு உடல் வந்தது. பிறகு பாலகோட். படைவீரர் படத்தைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மார்ச்சில் தேர்தல் ஆணையம் சொன்னது. ஏப்ரலில் லாத்தூர் கூட்டத்தில் முதல் ஓட்டை பாலகோட் வீரர்களுக்குக் காணிக்கையாக்குங்கள் என்று பிரதமரே பேசினார். அந்த வருசம் அந்த அணியில், அதே தென்காசியில் நின்றவர் யார்? 1999-இல் நின்ற அதே டாக்டர் கிருஷ்ணசாமி. ஆற்றில் செத்தவர்களுக்காக அழுத வாய் அது. தோற்றார். எதிரி கட்டின உண்டியலை நம் தலைவர்களே தூக்கினால், பத்தொன்பது வயதுப் பையனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது டெல்லிக் கட்சி கொடியோடு ஊர்வலம் போனது. சென்னையில் மாநில ஆளும்கட்சியும் ராணுவத்துக்கு ஆதரவாகப் பேரணி போனது. கொடியைக் கண்டால் எல்லாக் கட்சிக்கும் ஒரே முகம்தான்.

*

மாஞ்சோலையில் குத்தகை முடிய இன்னும் சில வருசம் இருக்கும்போதே, 2024-இல் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி நம் ஜனங்களை மலையை விட்டு இறக்கியது. நாலு தலைமுறை கொழுந்து கிள்ளின விரல்கள். சித்தி அதற்கு முன்னாடியே இறங்கிவிட்டாள். எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். மழைக்காலத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்பாள். சூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் ஆற்றில் பூப்போட எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் போலீசு நேரம் ஒதுக்குகிறது. சித்தி போவதில்லை. "அங்கன போனா எனக்குத் தண்ணியக் கண்டா மூச்சு முட்டுது" என்கிறாள்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். அடுத்த சண்டை வரும். அது முடிவதற்குள்ளே ஒரு தேர்தலும் வரும். அப்போது யாராவது உங்கள் கையில் ஒரு உண்டியலைக் கொடுப்பார்கள், அல்லது மைக்கைக் கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். செத்த சிப்பாயின் ஊரில் டீக்கடையில் எத்தனை விதக் கிளாஸ்? அவன் பிணம் எந்தப் பாதையில் சுடுகாட்டுக்குப் போகும்? அவன் அப்பனுக்கு எத்தனை குழி நிலம்? தாமிரபரணியில் செத்த பதினேழு பேருக்காக எந்தப் போலீசு அதிகாரி தண்டனை அடைந்தான்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். அதுவரைக்கும் ஓட்டும் கிடையாது, வாயும் கிடையாது. தேசத்துரோகி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். 71-இல் சண்டை போட்ட ஒரு மனுசனைச் சைக்கிளை விட்டு இறக்கினவர்களிடமிருந்து தேசபக்திச் சான்றிதழ் நமக்கு வேண்டாம்.

பெரியப்பா செத்துப் பல வருசமாகிவிட்டது. ஊர்த் தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடவில்லை. ஓடைக்குள் இறங்கி, முள்ளுக்காட்டைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.